ரீமேப்புக்கும் உண்டு காலாவதி தேதி!

பானெட்டைத் திறப்போம் - வாராந்திரப் பகுதி

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

‘என் மகன் 2019-ல் ஒரு டர்போ பெட்ரோல் கார் வாங்கினான். அடுத்த வருடமே அதை ஒரு ட்யூனிங் கடையில் கொடுத்து ரீமேப் செய்தான். அப்போது பறந்த கார், இப்போது மலைப்பாதையில் ஏறும்போது ‘டொக் டொக்’ என்று தட்டுகிறது. மெக்கானிக்கைக் கேட்டால், எல்லாம் பெட்ரோலில் கலக்கிற எத்தனால் செய்யும் வேலை என்கிறார். மகனோ, ரேஸ் காருக்கே எத்தனால்தான் ஊற்றுகிறார்கள், அது இன்ஜினுக்கு நல்லது என்கிறான். இதில் யார் சொல்வது சரி? அந்தக் காரில்தான் பேத்தியை ஊட்டிக்கு அழைத்துப் போகிறார்கள். அதனால்தான் கேட்கிறேன்.’

அம்மா, இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழு விடை கிடைக்கும். கார் பிரியர்களுக்கு மட்டுமான விஷயம் என்று மற்றவர்கள் இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். பக்கத்து வீட்டுத் தம்பியோ, உங்கள் வீட்டுப் பிள்ளையோ ‘ஸ்டேஜ் 1’, ‘ஸ்டேஜ் 2’ என்று பேசிக்கொண்டிருந்தால், இந்த வாரம் அவர்களோடு சேர்ந்து படியுங்கள்.

முதலில் மகன் பக்க நியாயம்

எத்தனால் என்பது நாம் அறிந்த ஆல்கஹால்தான். கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி இவற்றிலிருந்து எடுக்கிறார்கள். இன்ஜினைப் பொறுத்தவரை அதற்கு இரண்டு நல்ல குணங்கள் உண்டு.

ஒன்று, ஆக்டேன். இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, ஸ்பார்க் ப்ளக் பொறி வைத்த பிறகு ஒரு முனையிலிருந்து சீராக எரிந்து பரவ வேண்டும். அழுத்தமும் சூடும் அளவு மீறினால், இன்னும் தீ போய்ச் சேராத கலவை தானாகவே பற்றிக்கொள்ளும். அந்தச் சத்தம்தான் ‘டொக் டொக்’. மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். இப்படித் தானாகப் பற்றாமல் தாக்குப்பிடிக்கும் திறனைக் குறிப்பதுதான் ஆக்டேன் எண். நம் ஊரில் பிஎஸ்-6 சாதாரண பெட்ரோலுக்கு அது 91. எத்தனாலுக்கோ 108-ஐ ஒட்டி வரும். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு 95 என்று தரம் நிர்ணயித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, குளிர்ச்சி. ஊசி போடும் முன் நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கும்போது தோல் ஜில்லென்று ஆகிறதல்லவா? ஸ்பிரிட் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. எத்தனால் ஆவியாக, அதே எடை பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் தேவை. அதனால் இன்ஜினுக்குள் போகும் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, நாக்கிங்கையும் தள்ளிப்போடும்.

டர்போ காருக்கு இந்த இரண்டும் வரப்பிரசாதம். காற்றை இன்னும் அழுத்தி உள்ளே தள்ளலாம், பொறியைச் சற்று முன்கூட்டியே வைக்கலாம். சக்தி கூடும். ஸ்வீடனைச் சேர்ந்த கோனிக்செக் நிறுவனம் 2007-ல் காட்டிய சிசிஎக்ஸ்ஆர் கார் இதற்கு நல்ல உதாரணம். அதன் பெட்ரோல் அண்ணன் சிசிஎக்ஸ் 806 குதிரைத்திறன் தந்தது. அதே 4.7 லிட்டர் வி8 இன்ஜின், 85 சதவீதம் எத்தனால் கலந்த இ85-ல் ஓடியபோது 1,018 குதிரைத்திறன் தந்தது. அமெரிக்காவின் இண்டிகார் பந்தயங்கள் 2007-லேயே எத்தனாலுக்கு மாறின. ஆஸ்திரேலியாவின் வி8 சூப்பர்கார்ஸ் 2009-ல் இ85-க்கு வந்தது. ஃபார்முலா 1 கார்களும் 2022 முதல் 10 சதவீதம் எத்தனாலோடு ஓடின.

ஆக, மகன் சொன்னது பொய்யில்லை. ஆனால் கோனிக்செக்காரர்கள் அதே காரில் வெறுமனே எரிபொருளை மட்டும் மாற்றி ஊற்றவில்லை. இன்ஜெக்டர்களையும் எரிபொருள் குழாய்களையும் மாற்றினார்கள். டர்போபோலக் காற்றைத் தள்ளும் சூப்பர்சார்ஜரின் அழுத்தத்தையும் புதிதாக அமைத்தார்கள். கதையின் இந்தப் பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

இனி மெக்கானிக் பக்க நியாயம்

எத்தனாலில் சக்தி குறைவு. ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் எரிசக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிறது. அதோடு, எத்தனால் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் உண்டு. அதனால் அது எரிவதற்கு வெளிக்காற்று குறைவாகப் போதும். திருப்பிச் சொன்னால், அதே அளவு காற்றுக்கு எரிபொருள் அதிகமாக ஊற்ற வேண்டும்.

எண்களில் பார்ப்போம். 1 கிலோ சுத்த பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 1 கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20-க்கு இந்தக் கணக்கு சுமார் 13.5. அதாவது, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு அமைத்த ஒரு இன்ஜின் இ20-ல் ஓடும்போது, ஒவ்வொரு முறையும் 8 சதவீதம் அளவுக்குக் கூடுதலாக எரிபொருள் பீய்ச்ச வேண்டும். இ85 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே கூடுதல்.

சமையலறையில் இது தினமும் நடப்பதுதான். புது அரிசிக்கு ஒரு தண்ணீர் அளவு, பழைய அரிசிக்கு ஒரு தண்ணீர் அளவு. குக்கர் அதே குக்கர், விசிலும் அதே மூன்று விசில். அரிசி மாறியது தெரியாமல் பழைய அளவிலேயே தண்ணீர் வைத்தால் சோறு குழைந்துவிடும், அல்லது விறைத்து நிற்கும். அரிசியைக் குறை சொல்லி என்ன பயன்? அளவைத்தானே மாற்றியிருக்க வேண்டும்!

ரீமேப் என்பதும் இந்த அளவுக் கணக்குதான். காரின் கம்ப்யூட்டருக்குள் ஓர் அட்டவணை இருக்கும். இத்தனை வேகத்தில், இத்தனை காற்று வந்தால், இத்தனை எரிபொருள் ஊற்று, இந்த நொடியில் பொறி வை என்று அதில் எழுதியிருக்கும். ட்யூனர் செய்வது அந்த அட்டவணையைத் திருத்துவது. எந்தப் பெட்ரோலை டேங்கில் வைத்துத் திருத்தினாரோ, அந்தப் பெட்ரோலுக்குத்தான் அந்த அளவு பொருந்தும்.

கார் மாறவில்லை, பெட்ரோல் மாறிவிட்டது

இப்போது கோவைக் காருக்கு வருவோம். அது ரீமேப் ஆன 2019-20-ல் நாட்டின் பெட்ரோலில் சராசரி எத்தனால் கலப்பு 5 சதவீதம். 2021-22-ல் அது 10 ஆனது. 2022-23-ல் 12. 2023-24-ல் 14.6. 2030-ல் எட்ட நினைத்திருந்த 20 சதவீதம் 2025-லேயே வந்துவிட்டது. இன்று நம் ஊர் பங்க்கில் சாதாரண பெட்ரோல் என்று ஊற்றுவது இ20 தான்.

ஆக, அந்த அட்டவணையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அது எந்தப் பெட்ரோலை நம்பி எழுதப்பட்டதோ, அந்தப் பெட்ரோல்தான் பங்க்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துவிட்டது. மருந்துக்கும் பிஸ்கட்டுக்கும் இருப்பதுபோல ரீமேப்புக்கும் காலாவதி தேதி உண்டு. அதை யாரும் அட்டையில் அச்சடித்துத் தருவதில்லை, அவ்வளவுதான்.

‘அப்படியானால் ரீமேப் செய்யாத கார்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகாதா?’ என்று கேட்பீர்கள். அவற்றுக்கு மைலேஜ் கொஞ்சம் குறையும். இ10-க்கு அமைத்த பழைய கார்களில் 6-7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. ஆனால் இன்ஜினைத் தயாரித்தவர்கள் எல்லாவற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருப்பார்கள். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், கலவை மெலிந்துவிட்டது என்று சொன்னதும் கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிவிடும். கூட்டுவதற்கு இன்ஜெக்டரிலும் பம்ப்பிலும் தெம்பு மீதி இருக்கும்.

ட்யூன் செய்த காரில் அந்த மீதியைத்தான் சக்தியாக மாற்றி ஏற்கெனவே செலவழித்துவிட்டோம். இன்ஜெக்டர் திறந்திருக்க முடிந்த நேரத்தில் 90 சதவீதம் திறந்தே இருக்கிறது என்று வையுங்கள். அதன் மேல் 8 சதவீதம் கூட்டினால் 97. மூச்சு விடவே நேரமில்லை. பம்ப்பும் பழசாகி, ஃபில்ட்டரும் அடைத்திருந்தால் கேட்ட எரிபொருள் வந்து சேராது. அதுமட்டுமல்ல, பல பழைய கார்களிலும், தனியாகப் பொருத்தும் சில கம்ப்யூட்டர்களிலும், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது சென்சார் சொல்வதைக் கேட்காமல் அட்டவணையை மட்டும் பார்த்தே எரிபொருள் ஊற்றுவார்கள். இன்ஜினுக்கு மிக அதிகச் சுமை இருக்கும் நேரமும் அதுதான்.

டர்போ இன்ஜின் முழு அழுத்தத்தில் இருக்கும்போது எரிபொருள் குறைந்தால், சிலிண்டருக்குள் சூடு ஏறும். முதலில் நாக்கிங். கவனிக்காமல் மிதித்துக்கொண்டே போனால், பிஸ்டன் ரிங்குகளைத் தாங்கும் விளிம்பு உடையும், அல்லது பிஸ்டன் தலையே உருகும். அதற்கு மேல் இன்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். செலவு லட்சங்களில் போகும்.

இ20 ஊற்றிய மறுநாளே எல்லா ரீமேப் கார்களும் படுத்துவிடும் என்று பயமுறுத்துவதும் தவறு. நல்ல ட்யூனர்கள் முழு மிதியில் கலவையைச் சற்றுக் கெட்டியாகவே வைத்திருப்பார்கள். எத்தனாலின் ஆக்டேனும் கொஞ்சம் காப்பாற்றும். அதனால்தான் பல கார்கள் தப்பித்து ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் தப்பித்து ஓடுவதும் சரியாக ஓடுவதும் ஒன்றல்ல. உங்கள் மகனின் கார் மேட்டில் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்க வேண்டும்.

தலைகீழ் ஆபத்தும் உண்டு

2024 மார்ச்சில் ‘எத்தனால் 100’ என்ற எரிபொருளை இந்தியன் ஆயில் அறிமுகம் செய்தது. தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களில் குறிப்பிட்ட பங்க்குகளில் விற்பனைக்கு வந்தது. அதில் 90 சதவீதத்துக்கு மேல் எத்தனால். எந்தக் கலப்பிலும் ஓடும்படி தயாரித்த ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் வண்டிகளுக்கானது அது. ஆனால், ‘அதை வாங்கிக் கலந்தால் ரேஸ் பெட்ரோல் ஆகிவிடும்’ என்று ஒரு யோசனை இளைஞர்களிடையே வரத்தான் செய்யும்.

கணக்கைப் பாருங்கள். 40 லிட்டர் டேங்கில் இதை 10 லிட்டர் ஊற்றி, மீதி 30 லிட்டர் இ20 நிரப்பினால், கலப்பு 38 சதவீதத்துக்குப் போய்விடும். இ20-க்கு வேண்டியதைவிட இன்னும் 8 சதவீதம் எரிபொருள் கேட்கும். அதற்கேற்ற இன்ஜெக்டரும் மேப்பும் இல்லாவிட்டால் மேலே சொன்ன கதைதான்.

சரி, எல்லாம் மாற்றி, இ40-க்கு என்றே பொறியை முன்னே தள்ளி மேப் எழுதிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். வெளியூர்ப் பயணத்தில், கிடைத்த பங்க்கில் சாதாரண பெட்ரோல் நிரப்புகிறார். எத்தனால் குறைந்தது, ஆக்டேன் இறங்கியது, பொறி மட்டும் பழைய இடத்திலேயே வைக்கப்படுகிறது. இப்போது நாக்கிங் இன்னும் மோசமாக வரும். எத்தனால் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து என்றால், பிரச்னை எத்தனாலில் இல்லை. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று காருக்குத் தெரியாததில்தான் இருக்கிறது.

தெரிந்துகொள்ள இரண்டு வழிகள்

முதல் வழி, சுலபமானது. மூடியுள்ள 100 மில்லி கண்ணாடி அளவுக் குழாய் ஒன்று போதும். 10 மில்லி தண்ணீர் விடுங்கள். அதன் மேல் 90 மில்லி பெட்ரோல். மூடி நன்றாகக் குலுக்கி, மூடியை மெல்லத் திறந்து ஆவியை வெளியேற்றிவிட்டு, சில நிமிடங்கள் அசையாமல் வையுங்கள். எத்தனாலுக்கு பெட்ரோலைவிடத் தண்ணீரோடுதான் சிநேகம் அதிகம். அது பிரிந்து தண்ணீரோடு கீழே வந்துவிடும். கீழ் அடுக்கு 10-ல் நின்றால் எத்தனால் இல்லை. 19-ஐ ஒட்டி வந்தால் 10 சதவீதம். 28-ஐ ஒட்டி வந்தால் 20 சதவீதம். தண்ணீரில் ஒரு துளி கேசரி கலர் சேர்த்தால் கோடு தெளிவாகத் தெரியும்.

இதை வீட்டுக்குள், அடுப்பு, விளக்கு, செல்போன் சார்ஜர் பக்கத்தில் செய்யவே கூடாது. ஒர்க்‌ஷாப்பில், வெட்டவெளியில், குழந்தைகளைத் தள்ளி நிற்கவைத்து மெக்கானிக் செய்யட்டும். மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். ‘100 ஆக்டேன்’ என்று அதிக விலைக்கு வாங்கும் பெட்ரோலையும் இப்படிச் சோதித்துவிட்டு மேப் எழுதச் சொல்லுங்கள். ஆக்டேன் எண்ணை மட்டும் வைத்து எத்தனால் அளவைச் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது வழி, நிரந்தரமானது. எரிபொருள் குழாயில் எத்தனால் சென்சார் பொருத்துவது. பரவலாகக் கிடைக்கும் வகை, எத்தனால் சுத்தமாக இல்லையென்றால் நொடிக்கு 50 துடிப்பும், முழுக்க எத்தனால் என்றால் 150 துடிப்பும் அனுப்பும். இ20-க்கு 70. கம்ப்யூட்டர் இதைப் படித்து, எரிபொருளையும் பொறி நேரத்தையும் தானே மாற்றிக்கொள்ளும். எந்த பங்க்கில் எது ஊற்றினாலும் காருக்குத் தெரியும். எல்லாக் கம்ப்யூட்டர்களும் இதை ஏற்காது. ஏற்கும் என்றால், பளபள அலாய் வீலுக்கும் காதைக் கிழிக்கும் சைலன்சருக்கும் முன்னால் வாங்க வேண்டியது இதைத்தான்.

ட்யூனரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இந்த மேப்பை எந்தப் பெட்ரோலில் எழுதினீர்கள்? ‘பங்க் பெட்ரோல்தான்’ என்ற பதில் போதாது. எத்தனை சதவீத எத்தனால் என்று சொல்ல வேண்டும்.

2. முழு மிதியில் இன்ஜெக்டர் எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது? 85-ஐத் தாண்டினால் பெரிய இன்ஜெக்டர் பற்றிப் பேச வேண்டும்.

3. முழு மிதியில் எரிபொருள் அழுத்தம் கீழே இறங்குகிறதா? இறங்கினால் பம்ப் திணறுகிறது என்று அர்த்தம்.

4. நாக்கிங் வந்து கம்ப்யூட்டர் எத்தனை முறை பொறியைப் பின்னே இழுத்தது? அந்தப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள்.

5. இ20-க்குப் புதிய மேப் எழுத எவ்வளவு? எழுதிய பிறகு சோதித்த பதிவுகளைத் தருவீர்களா?

ஐந்துக்கும் நிதானமாகப் பதில் சொல்பவரிடம் காரை விடலாம். ‘தம்பி, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது’ என்பவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ரப்பரையும் பாருங்கள்

இன்னும் ஒரு விஷயம், இது வேகத்தைப் பற்றியதல்ல, தீயைப் பற்றியது. எத்தனால் சில வகை ரப்பரை உப்பவைக்கும், இறுகவைக்கும், வெடிக்கவைக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்கள் இ20-ஐத் தாங்கும் குழாய்களோடு வருகின்றன. பழைய காரில், அதுவும் ட்யூனிங்கின்போது வெளிக்கடையில் வாங்கிப் போட்ட எரிபொருள் குழாய்களில், அந்த உத்தரவாதம் கிடையாது. டர்போ பக்கத்தில் பழுக்கச் சூடான உலோகம் இருக்கிறது. அதன் அருகே பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எத்தனாலுக்கு ஏற்றது என்று முத்திரை உள்ள குழாயாக மாற்றுங்கள். காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் ஓட்டாதீர்கள்.

எத்தனால், டேங்கின் அடியில் பல வருடமாகப் படிந்த அழுக்கையும் கரைத்துக் கிளப்பும். ஆகவே ஃபில்ட்டரை ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. காற்றிலிருந்து ஈரத்தையும் அது இழுக்கும். வாரக்கடைசியில் மட்டும் எடுக்கும் செல்லக் காரை, கால் டேங்க் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்திவைக்காதீர்கள்.

சட்டம், காப்பீடு, மைதானம்

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் மறைத்தால், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும். முழு சக்தியையும் பார்க்க ஆசையா? சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை, கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று நமக்கு மைதானங்கள் இருக்கின்றன. கல்லட்டி வளைவு அதற்கான இடமல்ல.

கோவை அம்மாவுக்கு: மகனைத் திட்ட வேண்டாம். காரை நேசிக்கிற பிள்ளை, சொன்னால் கேட்பான். இந்த மாத ஊட்டிப் பயணத்துக்கு வேறு கார் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்குள் ஃபில்ட்டர், குழாய்கள், பம்ப் அழுத்தம், டேங்கில் உள்ள எத்தனால் அளவு, நாக்கிங் பதிவு இவற்றைப் பார்க்கட்டும். இ20-க்குப் புதிய மேப் எழுதிய பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால், தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய மேப்பையே திரும்ப ஏற்றிவிடலாம். கொஞ்சம் குதிரைகள் குறையும். ஆனால் பேத்தி பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வர, அந்தக் குதிரைகள் தேவையில்லை.